குனிஹிகோ பூசாரியின் தீட்டு

குனிஹிகோவுக்கு இரண்டு வேலை. பகலில் நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் குழாய் பார்ப்பார். விடியற்காலையிலும் விடுமுறை நாட்களிலும், ஊருக்கு மேலே மேட்டில் இருக்கும் கோயிலுக்கு அவர்தான் பூசாரி. அவருடைய அப்பாவும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே பூசையும் செய்தார். "இந்தக் கோயில் வருமானத்துல ஒரு பூனை வளர்க்கலாம். அதுவும் மீன் கேக்காத பூனையா இருக்கணும்" என்பார். இவாமிக் கடற்கரையில் பாதிப் பூசாரிகளின் பிழைப்பு இதுதான். பக்கத்து ஊர்க் கோயில் பூசாரியான ஹசியா, குனிஹிகோவோடு ஒரே வகுப்பில் படித்தவர், இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார்.

ஊரில் குழாய் ஒழுகினாலும் குனிஹிகோவுக்குத்தான் போன் போட்டார்கள், பேரப்பிள்ளை பிறந்தாலும் அவருக்குத்தான். சிலர் இரண்டையும் ஒரே போனில் முடித்துக்கொண்டார்கள். புது வீட்டுக்கு மனை பூசை, கணவாய் மீன் பிடிக்கும் படகுக்குப் புது எஞ்சின், பரீட்சை எழுதப்போகும் பிள்ளை, கெட்டது நடக்கும் என்று ஊர் பயப்படும் ஆகாத வயதைத் தொட்ட ஆண்பிள்ளை என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும்விட அதிகம் வந்தவை கார்கள்தான். கோயில் முற்றத்தில் காரை நிறுத்தி எல்லாக் கதவுகளையும் திறக்கச் சொல்வார். வெள்ளைக் காகிதத் தொங்கல்கள் கட்டிய நீளக் கோலை நான்கு பக்கமும் ஆட்டி, அழுக்கும் கேடும் விலகும்படி மந்திரம் சொல்வார். பின்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள ஒரு காப்புச் சீட்டுக் கொடுப்பார். கடவுளே இல்லை என்று பேசுகிறவர்கள்கூடப் புதுக் காரை அப்படியே ஓட்டத் தயங்கினார்கள்.

அவருடைய ஒரே மகள் சிகுசா, மலைக்கு அந்தப் பக்கம் உள்ள முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது வெளிர்நீலத்தில் ஒரு சின்னக் கார் வாங்கினாள். அதற்கும் அவர்தான் செய்தார்.

"எல்லாக் கதவையும் திற. டிக்கியையும்" என்றார்.

"டிக்கியில அழுக்குத் துணி கிடக்குப்பா."

"கிடக்கட்டும். அதுவும் சுத்தமாகும்."

படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி நோபுயோ, "அப்படின்னா இருங்க, வீட்டுல ஒரு கூடை இருக்கு, அதையும் கொண்டாந்து போட்டுடறேன்" என்றாள்.

சிகுசா சிரிப்பை அடக்கத் தெரியாதவள். அப்பா மந்திரம் சொல்லி முடிக்கும்வரை குனிந்த தலையோடு தோள் குலுங்க நின்றாள். அவருக்கும் நடுவில் ஓர் இடத்தில் வார்த்தை தடுக்கியது. பரவாயில்லை, சொந்த மகள்தானே என்று விட்டுவிட்டுத் தொடர்ந்தார்.

மூன்றாவது குளிர்காலத்தில், ஜனவரிக் கடைசியில், மலைப்பாதை வளைவு ஒன்றில் பனியில் கார் வழுக்கி எதிர்ப்பக்கம் போய்விட்டது. எதிரே மரக்கட்டைகள் ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தது. லாரி மெதுவாகத்தான் வந்தது, ஓட்டுநர் மேல் தப்பில்லை, உங்கள் மகள் மேலும் தப்பு என்று சொல்ல முடியாது, பாதை அப்படி, என்று போலீஸ்காரர் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு விளக்கினார். அந்த லாரிக்காரரின் பெயர் குவபாரா என்பதையும் சொன்னார். குனிஹிகோ எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காலையில் அலுவலகத்துக்குப் போன் வந்தபோது அவர் கையில் இருந்த குழாய்த் திருகி இன்னும் கோட்டுப் பையில் கிடந்தது. அதன் கனம் கோட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

பூசாரிக் குடும்பத்தில் சாவுச் சடங்கும் மற்றவர்களைப் போலப் புத்த முறைப்படி இல்லை, சாமி முறைப்படிதான். ஆனால் அதைச் சொந்தக் கோயிலில் செய்வதில்லை, சொந்தக் கையாலும் செய்வதில்லை. ஹசியா கடையைப் பூட்டிவிட்டு வந்தார். முதலில் வீட்டுச் சாமி மாடத்தின் முகப்பை ஒரு வெள்ளைக் காகிதத்தால் மறைத்து ஒட்டினார். சாவு நடந்த வீட்டைச் சாமி பார்க்கக்கூடாது. வழிபடும்போது இரண்டு முறை கைதட்டுவது வழக்கம். சாவு வீட்டில் அந்தத் தட்டலுக்கு ஓசை இருக்கக்கூடாது, உள்ளங்கைகள் தொடும் முன்பே நின்றுவிட வேண்டும். வந்திருந்த அத்தனை பேரும் அப்படியே செய்தார்கள். முதியோர் இல்லத்திலிருந்து சக்கர நாற்காலிகளில் வந்திருந்தவர்களும் செய்தார்கள்.

அதற்குப் பிறகு ஐம்பது நாள் தீட்டு. தீட்டு உள்ளவர்கள் கோயிலின் கல் தோரணத்தைத் தாண்டக்கூடாது. எத்தனையோ பேருக்கு இதைக் குனிஹிகோவே எடுத்துச் சொல்லியிருக்கிறார். அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு வந்து நின்றவர்களிடம், "சாமிக்குச் சாவு ஆகாதும்மா, ஐம்பது நாள் கழிச்சு வாங்க" என்று பொறுமையாகச் சொல்லி, படியிறங்கும்வரை கூடவே போய் விட்டுவிட்டும் வந்திருக்கிறார். அவர்கள் அதற்குப் பிறகு எங்கே போனார்கள், யாரிடம் சொல்லி அழுதார்கள் என்று அவர் யோசித்ததில்லை.

அவர் வீடு அந்தப் படிகளுக்குக் கீழேயே இருந்தது. விடியற்காலையில் பழக்கத்தில் எழுந்துவிடுவார். மேலே போக முடியாது. சமையலறையில் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருப்பார். நோபுயோ எதிரே வந்து உட்காருவாள். இருவரும் தேநீர் குடிப்பார்கள். பேச்சு வராது. பேசினால் சிகுசாவைப் பற்றித்தான் பேச வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு நாள் கடுங்குளிரில், கோயில் முற்றத்தில் கைகழுவும் தொட்டிக்குப் போகும் குழாய் உறைந்து வெடித்தது. ஊருக்கெல்லாம் குழாய் பார்க்கிறவர் தோரணத்துக்கு வெளியே நிற்க, ஹசியா அவருடைய கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போனார்.

"வால்வு எங்கேடா?" என்று மேலேயிருந்து கத்தினார்.

"தொட்டிக்குப் பின்னாடி, மூடிக்கு அடியில. வலப்பக்கம் திருப்பு."

"வலப்பக்கம்னா, எனக்கு வலமா, சாமிக்கு வலமா?"

"உனக்குத்தாண்டா."

"திருப்பிட்டேன். அதிகமா வருது."

"அது இடது பக்கம்."

முதுகுவரை நனைந்து, பல் கிடுகிடுக்க ஹசியா படியிறங்கி வந்தார். "இருபது வருஷமாக் குழாய் விக்கிறேன், ஒண்ணைக்கூட மாட்டினதில்லைன்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றார். குனிஹிகோ சிரித்தார். சாவுக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அது பாதியிலேயே வேறு ஏதோவாக மாறியது. ஹசியா ஈரச் சட்டையோடேயே, குளிரில் நடுங்கிக்கொண்டு, நண்பர் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்.

அந்த வாரம்தான் குனிஹிகோ நசுங்கிய காரைப் பார்க்கப் பழைய வண்டிகள் கிடக்கும் இடத்துக்குப் போனார். முன்பக்கம் இல்லை. பின்கண்ணாடி மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. அதில் அவர் கொடுத்த காப்புச் சீட்டு, ஒட்டிய அன்று இருந்தது போலவே பளிச்சென்று இருந்தது. உரித்தெடுக்கப் பார்த்தார். முழுதாக வரவில்லை. வீட்டுச் சாவியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். காவலாளி வந்து, "ஐயா, எதுவானாலும் நாங்களே எடுத்துடுவோம்" என்றான். "இது நான் ஒட்டினது" என்றார் குனிஹிகோ.

ஐம்பதாம் நாள் ஹசியா வந்து தீட்டுக் கழித்தார். சாமி மாடத்தின் வெள்ளைக் காகிதத்தைப் பிரித்தார். "இனிமே ஓசையோட தட்டலாம்" என்றார். நோபுயோ தட்டினாள். குனிஹிகோவின் கைகள் தொடும் முன்பே நின்றுவிட்டன. ஹசியா அதைப் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் முதல் குனிஹிகோ கோயிலுக்குப் போனார். அரிசி, உப்பு, தண்ணீர் வைத்தார். வசந்த விழாவையும் குறையில்லாமல் நடத்தினார். குரல் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார்கள். கார்கள் வந்தன. கதவைத் திறக்கச் சொன்னார், கோலை ஆட்டினார். சாமியின் மேல் அவருக்குக் கோபம் என்று சொல்ல முடியாது. கோபப்படுவதற்கும் எதிரே யாராவது இருக்க வேண்டும். அவருக்கு அங்கே ஒரு கட்டடம் இருந்தது, கூட்டிப் பெருக்க வேண்டிய முற்றம் இருந்தது, அவ்வளவுதான். மகளின் காருக்குச் செய்தபோது வார்த்தை தடுக்கியதே, அந்த இடம் வரும்போது மட்டும் இப்போதெல்லாம் மிகவும் நிதானமாகச் சொன்னார்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் படியேறி வந்தார். சலவை செய்த சட்டை, கையில் பலகாரப் பெட்டி. பெட்டியைக் கீழே வைத்து, தொட்டியில் கைகழுவிவிட்டு நெடுநேரம் குனிந்தே நின்றார். குனிஹிகோ துடைப்பத்தை நிறுத்திவிட்டு, "என்ன வேணும்?" என்று கேட்டார்.

"எனக்குச் சுத்தி பண்ணி விடணும் ஐயா."

"வண்டிக்கா?"

"வண்டி இல்ல. எனக்கு." பிறகு, "நான் குவபாரா" என்றார்.

குனிஹிகோ துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது. மறுபடி எடுத்துச் சாய்த்தார்.

"இன்னிக்கு முடியாது" என்றார்.

"நாளைக்கு வரட்டுமா?"

"வேண்டாம். வேற கோயில் பாருங்க."

"பாத்தேன் ஐயா. பெரிய கோயிலுக்கெல்லாம் போனேன். முடிச்சுட்டு வந்து ஸ்டியரிங்கைத் தொட்டா, கை நிக்க மாட்டேங்குது." அந்தக் கைகளை அவர் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். "அதோட, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு—"

"போலீஸ்ல எல்லாம் சொல்லிட்டாங்க. உங்க மேல தப்பில்ல. எங்களுக்கு உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல" என்றார் குனிஹிகோ. மரியாதையான குரல், நகராட்சி அலுவலக ஜன்னலில் பேசும் குரல். சொல்லிவிட்டுத் திரும்பிக் கோயிலுக்குள் போய், கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்தினார். நல்ல வெயில் நேரத்தில் அந்தக் கதவைச் சாத்துவது வழக்கமில்லை.

படியடியில் குவபாரா வைத்துவிட்டுப் போன பலகாரப் பெட்டியைப் பார்த்து நோபுயோ கேட்டாள், அவரும் மறைக்காமல் சொன்னார்.

"என்ன சொல்ல வந்தார்?"

"தெரியல. கேக்கல."

"கேக்கலியா?"

"என்னத்தைக் கேக்கச் சொல்ற? அவன் வண்டியிலதானே..."

நோபுயோ பெட்டியை மேஜைமேல் வைத்தாள். "யார் யாரோ வராங்க. நாய்க்குட்டிக்குக்கூட அந்தக் கோலை ஆட்டி விடறீங்க. அந்த மனுஷன் அவளைக் கடைசியாப் பாத்தவர். அவரை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டு வந்து உக்காந்து சோறு சாப்பிடறீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. பெட்டியும் பிரிக்கப்படாமல், பூசணம் பூக்கும்வரை அங்கேயே இருந்தது.

குனிஹிகோவுக்கு உள்ளூர உறுத்தத் தொடங்கியது. லாரிக் கம்பெனிக்குப் போன் செய்தார். குவபாரா வேலையை விட்டுப் போய் நாளாகிவிட்டது என்றார்கள். எங்கே போனார் என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

ஜூன் கடைசி நாள், அரையாண்டு அழுக்கைக் கழிக்கும் சடங்கு. முற்றத்தில் நாணலால் ஆளுயர வளையம் கட்டி நிறுத்துவார்கள். வருகிறவர்கள் ஆளுக்கொரு காகிதப் பொம்மையில் பெயர் எழுதி, உடம்பில் தேய்த்து, மூச்சை ஊதிக் கொடுப்பார்கள். பிறகு வளையத்துக்குள் புகுந்து புகுந்து வருவார்கள். பொம்மைகளைக் கணவாய்ப் படகில் கொண்டுபோய்க் கடலில் விடுவார்கள். வங்கி ஊழியர்கள் அடையாள அட்டை கழுத்தில் தொங்க வந்தார்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் வந்தார்கள். சிலர் வர முடியாத மகனுக்கும் மருமகளுக்கும் சேர்த்து எழுதினார்கள். நோபுயோ மேஜையருகே நின்று பொம்மைகளை வாங்கிக்கொண்டிருந்தாள். குனிஹிகோ அந்த ஆண்டு தன் பெயரை எழுதவில்லை. யாரும் கவனிக்கவில்லை.

மந்திரம் நீளமானது, மிகப் பழையது. மனிதர்கள் தெரிந்தும் தெரியாமலும் சேர்த்துக்கொண்ட குற்றமும் அழுக்கும் மலையிலிருந்து விழும் ஆற்றில் இறங்குகின்றன. ஆற்றில் இருக்கும் ஒரு தேவி அதைக் கடலுக்குக் கொண்டுபோகிறாள். நடுக்கடல் சுழிகளில் ஒருத்தி அதை விழுங்குகிறாள். இன்னொரு தெய்வம் அதைப் பாதாளத்துக்கு ஊதித் தள்ளுகிறது. அங்கே அலைந்து திரியும் ஒருத்தி அதை எடுத்துக்கொண்டு போய் எங்கேயோ தொலைத்துவிடுகிறாள். குனிஹிகோ பத்தொன்பது வயதிலிருந்து சொல்லி வரும் வார்த்தைகள். அன்று அந்தக் கடைசி இடத்தில் அவருக்கு ஏன் தன் பெயரை எழுதவில்லை என்று புரிந்தது. எழுதினால் இதையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இந்த வலியையும் தொலைத்துவிட்டால் சிகுசாவின்பேரில் அவரிடம் மிச்சம் என்ன இருக்கும்?

மந்திரம் முடிந்து திரும்பியபோது மேஜையருகே நோபுயோ இல்லை. தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் எதிரே குவபாரா. பொம்மையில் எழுதியிருந்த பெயரைப் படித்துவிட்டு, "நீங்கதானா?" என்று கேட்டு, அவள்தான் வரிசையிலிருந்து அவரைத் தனியே அழைத்துப் போயிருந்தாள்.

குனிஹிகோ பூசை உடையோடேயே போனார். அவரைக் கண்டதும் குவபாரா பேச்சை நிறுத்தினார்.

"சொல்லுங்க. நானும் கேக்கிறேன்" என்றார் குனிஹிகோ.

குவபாரா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வண்டி நின்னதும் இறங்கி ஓடினேன். கதவைத் திறக்க முடியல. கண்ணாடி உடைஞ்ச பக்கமாக் கையை விட்டு அவங்க கையைப் பிடிச்சேன். பனியில ஆம்புலன்ஸ் வர நேரமாச்சு. குளிருதுன்னு சொன்னாங்க. என் கோட்டைக் கழட்டி உள்ளே போட்டுப் போத்தி விட்டேன். பேசிக்கிட்டே இருந்தேன், தூங்கிடக்கூடாதுன்னு. அவங்களும் பேசினாங்க."

"என்ன பேசினா?" என்றாள் நோபுயோ.

"இல்லத்துல ஒரு அம்மா இருக்காங்களாம். இவங்க ஊட்டினாத்தான் காலையில சாப்பிடுவாங்களாம். நேரமாச்சே, யாராவது ஊட்டுவாங்களான்னு கேட்டாங்க. ஊட்டுவாங்கன்னு சொன்னேன். அப்புறம்..." தொட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "அப்புறம் என்கிட்ட, 'உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டேன், மன்னிச்சுக்கோங்க'ன்னு சொன்னாங்க. என்கிட்ட, அம்மா. என்கிட்டப் போய் மன்னிப்புக் கேட்டாங்க. அப்புறம் பேசல. கையை நான் விடல. ஆம்புலன்ஸ்காரங்க வந்துதான் எடுத்து விட்டாங்க. இதை உங்ககிட்டச் சொல்லாம என்னால இருக்க முடியல."

நோபுயோ அவர் கைகளைப் பார்த்தாள். "இந்தக் கையா?" என்று கேட்டாள். அவர் தலையசைத்தார். அவள் அந்த இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

குனிஹிகோ உள்ளே போய்க் கோலை எடுத்து வந்தார். சுத்தி செய்வதற்கென்று ஓர் இடம் உண்டு, முறை உண்டு. அதையெல்லாம் பார்க்கவில்லை. தொட்டியடியில், ஈரத்தரையிலேயே, "தலையைக் குனிங்க" என்றார். குவபாரா குனிந்தார். நோபுயோவும் குனிந்தாள். மந்திரத்தைச் சொல்லி, கோலை இடமும் வலமும் இடமும் ஆட்டினார். மகளின் காருக்குச் சொன்ன அதே மந்திரம். அன்று தடுக்கிய இடத்தில் இன்று குரல் அடியோடு நின்றுவிட்டது. குவபாரா குனிந்தபடியே காத்திருந்தார். சற்றுப் பொறுத்து குனிஹிகோ மீதியைச் சொல்லி முடித்தார்.

"மே மாசம் உங்களைத் திருப்பி அனுப்பினது தப்பு" என்றார்.

"இல்லைங்க ஐயா. நான் திடுதிப்புனு வந்திருக்கக் கூடாது."

"இப்ப என்ன வேலை?"

"பக்கத்துத் துறைமுகத்துல ஐஸ் பேக்டரி. வண்டி ஓட்டுறதில்ல. சைக்கிள்லதான் வந்தேன்."

இனி ஓட்ட முடியுமா என்று குனிஹிகோ கேட்கவில்லை. பிற்காலத்திலும் குவபாரா ஓட்டவில்லை என்று ஹசியா மூலம் தெரியவந்தது. அந்தச் சடங்கு அவர் கைகளுக்கு என்ன செய்தது, செய்யவில்லை என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அவர் கோயிலுக்கு வரவும் இல்லை.

கோயிலுக்கு அடுத்து யார் என்ற கேள்விக்கும் பதில் கிடைக்கவில்லை. சிகுசா ஒரு நாள் பூசாரிப் பரீட்சை எழுதுவதாகச் சொல்லியிருந்தாள், விளையாட்டாகவோ உண்மையாகவோ. குனிஹிகோவின் காலத்துக்குப் பிறகு இதையும் ஹசியாவின் மகன் சேர்த்துப் பார்த்துக்கொள்வது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்தார்கள். அவன் ஏற்கெனவே நிறையக் கோயில்களைப் பார்த்துக்கொள்கிறவன். வருஷத்துக்கு ஒரு முறை வந்தாலே பெரிது.

அந்த ஜூன் மாத மாலையில், கூட்டம் கலைந்ததும், கணவனும் மனைவியும் முற்றத்தைப் பெருக்கி, படகுக்குப் பொம்மைப் பெட்டியைக் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டுக்கு இறங்கினார்கள். நோபுயோ அரிசி களைந்தாள். குனிஹிகோ சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

"ஏங்க" என்றாள், திரும்பாமல்.

"ம்."

"லாரி ஓட்டுறவங்க கோட்டு நல்லாக் கனமா இருக்கும் இல்ல?"

"இருக்கும். உள்ளே பஞ்சு வச்சுத் தெச்சிருப்பாங்க."

"அப்ப ரொம்பக் குளிர்ந்திருக்காது."

அவர் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்று, களைந்த அரிசியை அவள் கையிலிருந்து வாங்கி அடுப்பில் வைத்தார்.